பழைய சின்னக் கணினிக்கு இனி என்ன வேலை கொடுக்கலாம்?

கேள்வி – பட்டர்வொர்த் வாசகர், 2 மார்ச் 2024

வீட்டு அலமாரியில் ஒரு சின்னக் கணினி கிடக்கிறது. இன்டெல்லின் ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி ராம், 80 ஜிபி டிஸ்க். கூடவே தம்பி படிக்கும்போது வாங்கிய, உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெரி பை, முதல் தலைமுறை, ஒன்றும் இருக்கிறது. இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன, ஆனால் யூடியூப் திறந்தால் அப்படியே நின்றுவிடுகின்றன. இந்தக் காலத்தில் இவற்றால் எந்தப் பயனும் இல்லை, கரண்ட் பில்தான் ஏறும், பழைய இரும்புக் கடையில் போட்டுவிடு என்கிறார் மச்சான். அவர் சொல்வது சரியா?

பதில் – 2 மார்ச் 2024, இரவு

மச்சான் சொல்வதில் பாதி சரி. அந்த இரண்டிலும் உலாவி திறக்காதீர்கள். இன்றைய இணையப் பக்கம் ஒன்றே அந்த 1 ஜிபியை விழுங்கிவிடும். மேசைக் கணினியாக அவற்றின் காலம் முடிந்துவிட்டது, அதில் வாதாட ஒன்றுமில்லை.

ஆனால் கணினி என்றால் திரைக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து காத்திருப்பது மட்டும்தானா? யாரும் காத்திருக்காத வேலைகள் வீட்டில் நிறைய இருக்கின்றன. ஒரு பக்கத்தைப் படித்து எழுத்தாக்க நாலு நிமிடம் ஆனால் ஆகட்டும், ராத்திரி முழுக்க இருக்கிறது. வானொலி பாட ஒரு துளி செயலி போதும். பழைய பிரிண்டரைக் கைத்தொலைபேசியோடு பேசவைக்க அதுகூட வேண்டாம். நான் பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கிறேன், வேலை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில், டெஸ்ட் பிரிவு. உங்களிடம் இருக்கும் அதே ஜோடிதான் என் வீட்டிலும். இரண்டும் தினமும் வேலை செய்கின்றன.

என் யோசனை ஒன்றுதான். "இதில் என்னென்ன போடலாம்" என்று தொடங்காதீர்கள், அந்த வழியில் போனால் ஒரு வார இறுதி முழுக்க எதையாவது நிறுவிப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில்தான் வைப்பீர்கள். வீட்டில் யாருக்கு எது குறையாக இருக்கிறது என்று பாருங்கள், அதில் அவசரமில்லாத ஒன்றை எடுத்து இதற்குக் கொடுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு வேலை.

3 மார்ச் 2024

கரண்ட் பில் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கணக்குப் போட்டே பேசலாம்.

ஆட்டம் என்270 வெளிவந்தது 2008-ல். செயலி மட்டும் 2.5 வாட்தான். ஆனால் அதோடு வந்த 945 வகைச் சிப்செட் (செயலியை மற்ற பாகங்களோடு இணைக்கும் சில்லு) செயலியைவிட அதிகம் குடிக்கும், டிஸ்க் வேறு இருக்கிறது. என் பெட்டியைச் சுவரில் செருகும் மீட்டரில் போட்டால் 20 வாட்டை ஒட்டிக் காட்டுகிறது. 24 மணி நேரமும் ஓடினால் மாதம் 14.4 யூனிட். நம் மலேசிய மின்சார நிறுவனமான டிஎன்பியின் 2024 வீட்டுக் கட்டணத்தில் 201 முதல் 300 யூனிட் வரை 33.40 சென், 301 முதல் 600 வரை 51.60 சென். ஏர்கான் ஓடுகிற வீடு பெரும்பாலும் இரண்டாவதில்தான் நிற்கும், அங்கே மாதம் ஏழு வெள்ளி (ரிங்கிட்) நாற்பது சென்னுக்குச் சற்று மேல் வரும். ராஸ்பெரி பைக்கு 3 வாட் என்று வைத்தால் 2.16 யூனிட், ஒரு வெள்ளி பதினோரு சென்.

ஆக, நாள் முழுக்க விழித்திருக்க வேண்டிய வேலையைப் பையிடம் கொடுங்கள். ஆட்டம் பெட்டி வேண்டும்போது எழுந்து வேலை செய்துவிட்டுத் தூங்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு இருப்பதிலேயே மலிவான எஸ்எஸ்டி ஒன்று போட்டால் சத்தமும் போகும், சில வாட்டும் குறையும். செலவு செய்வதென்றால் அதற்கு மட்டும் செய்யுங்கள். ராமை 2 ஜிபி ஆக்கலாம், அதற்கு மேல் அந்தச் சிப்செட் ஏற்காது.

3 மார்ச் 2024, பின்னேரம்

"பழைய கைத்தொலைபேசியே போதுமே, எதற்கு இது?" என்று கேட்டவருக்கு: போதாது. எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் தொலைபேசியின் பேட்டரி நம் ஊர் வெக்கையில் உப்பிவிடும். ஸ்கேனர், பிரிண்டர் இவற்றோடும் அது எளிதில் சேராது. பழைய மடிக்கணினியை வைத்திருப்பவர்களும் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். மின்சாரம் போனாலும் ஓடுமே என்று ஆசையாக இருக்கும். உப்பிய லித்தியம் பேட்டரி உள்ள பெட்டியை ஆளில்லாத வீட்டில் ஓடவிட எனக்கு மனம் வராது.

9 மார்ச் 2024

இன்று எழுத நேரம் இருக்கிறது, பிரிண்டரும் ஸ்கேனரும் பற்றிச் சொல்கிறேன். என் அனுபவத்தில் பழைய பெட்டிக்கு இதைவிட நல்ல வேலை இல்லை.

எத்தனையோ வீடுகளில் நல்ல நிலையில் உள்ள தட்டை ஸ்கேனர்கள் பரண்மேல் கிடக்கின்றன. கண்ணாடி தேயவில்லை, விளக்கு எரிகிறது, ஆனால் புதிய விண்டோஸுக்கு டிரைவர் கிடையாது. தயாரித்தவர்கள் 32 பிட் என்ற பழைய வகைக் கணினிகளின் காலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். இலவச இயங்குதளமான லினக்ஸில் சேன் என்ற மென்பொருள் தொகுப்பு இருக்கிறது, அந்தப் பழைய மாடல்களில் பலவற்றை இன்றும் அது அடையாளம் காணும். என் ஸ்கேனரைச் செருகினேன், தேடச் சொன்னேன், பெயரைக் காட்டியது. கொம்தார் பக்கம் ஒரு கடையில் இதற்குப் புது ஸ்கேனர்தான் வழி என்று சொல்லி அனுப்பிய அதே ஸ்கேனர்தான் இது.

பிரிண்டருக்கு கப்ஸ் என்ற அச்சு மென்பொருள். அதோடு, கருவிகளை நெட்வொர்க்கில் தானே அறிவிக்கும் அவாஹியையும் நிறுவினால் வீட்டுக்குள் இருக்கும் கைத்தொலைபேசிகளில் பிரிண்டர் தானாகவே பட்டியலில் தெரியும். வைஃபை என்றால் என்னவென்றே தெரியாத யூஎஸ்பி பிரிண்டரில் என் தங்கச்சி மகள் தொலைபேசியிலிருந்து பள்ளிப் பாடத்தாள்களை அச்செடுக்கிறாள்.

ஒன்றைக் கவனியுங்கள். சில பிரிண்டர்களுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனால் அது இன்டெல் வகைச் செயலிக்கு மட்டும் தொகுக்கப்பட்டதாக இருக்கும். பையில் இருப்பது ஆர்ம் செயலி, அதில் அது ஓடாது. பை ஆகாது, ஆட்டம் ஆகும். பழையதிலும் பழையதுதான் இங்கே உதவுகிறது. பிரிண்டர் வேலையைப் பையிடம் கொடுக்குமுன் இதைப் பார்த்துவிடுங்கள்.

10 மார்ச் 2024

நேற்றைய குறிப்பில் ஸ்கேனரைப் பற்றிச் சொன்னேன், ஆனால் அதை எதற்கு எடுத்தேன் என்று சொல்லவில்லை. அப்பா சேர்த்துவைத்த கோயில் திருவிழா மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், தோட்டத்தில் நாடகம் போட்டபோது அச்சடித்த துண்டறிக்கைகள் எல்லாம் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. தாள் மஞ்சளாகி ஓரம் உதிர்கிறது. பூச்சியும் ஈரமும் இந்தத் தீவில் தாளை விட்டுவைப்பதில்லை. இவற்றில் பல வேறெங்கும் இருக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

படமாக எடுத்து வைத்தால் மட்டும் போதாது, தேட முடிய வேண்டும். எந்த மலரில் எந்தத் தோட்டத்தின் பெயர் வருகிறது என்று தட்டினால் கிடைக்க வேண்டும். அதற்கு டெசராக்ட் என்ற எழுத்துணரி இருக்கிறது. எச்பி நிறுவனத்தில் 1980களில் பிறந்தது, 2005-ல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள், 2018-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்து நரம்பு வலையமைப்பில் இயங்குகிறது. தமிழ் தெரியும். தமிழும் ஆங்கிலமும் கலந்த பக்கத்தையும் இரண்டு மொழியையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் ஓரளவு படிக்கும்.

என் வழக்கம் இப்படி. வேலை முடிந்து வந்து சாப்பிட்டபின் சில பக்கங்களை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), கறுப்பு வெள்ளையாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் எடுத்து ஒரு கோப்புறையில் போடுவேன். இரவில் ஆட்டம் பெட்டி அந்தக் கோப்புறையைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுத்தாக்கி, தேடக்கூடிய பிடிஎஃப் ஆக வைத்துவிட்டு, வேலை தீர்ந்ததும் தானே அணைந்துகொள்ளும். டெசராக்டின் மொழிக் கோப்புகளில் வேகமானது ஒன்று, சிறந்தது ஒன்று உண்டு. 1 ஜிபி பெட்டிக்கு வேகமானதைப் போடுங்கள். என் மலர்களில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை, நேரத்தில் மட்டும் நிறையத் தெரிந்தது.

புதுக் கணினியில் இது சில நொடி வேலைதானே என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் பக்கத்தைக் கண்ணாடியில் வைத்து, மடிப்பை நீவி, மூடியை மெல்ல இறக்குவது என் கைவேலை, அதை எந்தச் செயலியும் வேகமாக்காது. நான் ஒரு மாலையில் எடுக்கும் பக்கங்களை இந்தப் பெட்டி விடிவதற்குள் முடித்துவிடுகிறது. எனக்கு அது போதும்.

10 மார்ச் 2024, இரவு

கையெழுத்துக் குறிப்பேடுகளைப் படிக்குமா என்று ஈப்போ அக்கா கேட்டிருந்தார். படிக்காதுங்க அக்கா. அவற்றைப் படமாக மட்டும் எடுத்து, கோப்புப் பெயரில் ஆண்டும் ஊரும் எழுதி வையுங்கள். இப்போதைக்கு அவ்வளவே செய்தாலும் பெரிய காரியம்.

17 மார்ச் 2024

பையின் கதைக்கு வருகிறேன். 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த மாடல் பி, 700 மெகாஹெர்ட்ஸ், ஒரே கரு. இதன் நெட்வொர்க் கம்பித் துளை (ஈதர்நெட்) யூஎஸ்பி துறைகளோடு ஒரே பாதையைப் பகிர்ந்துகொள்கிறது. அதனால் கோப்புக் கிடங்காக வைத்தால் நெட்வொர்க்கும் டிஸ்க்கும் ஒன்றையொன்று நெருக்கும். படம் பார்க்க, பெரிய கோப்புகள் நகர்த்த இது வேண்டாம்.

என் வீட்டில் இது அத்தையின் வானொலி. அத்தைக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, தொடுதிரை அவருக்குப் பெரிய தொல்லை. எங்கே தட்டினோம் என்றே தெரியாமல் போய்விடும். ஒரு யூஎஸ்பி எண் பலகை வாங்கினேன், எண்கள் மட்டும் உள்ள சின்னது. ஒன்றை அழுத்தினால் மின்னல் எஃப்எம், இரண்டு ராகா, மூன்று பழைய சிடிகளிலிருந்து எடுத்த பக்திப் பாடல்கள், பூஜ்யம் நிறுத்தும். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் சத்தத்துக்கு. நடுவில் ஐந்தில் ஒரு சின்ன மேடு இருக்குமே, அதைத் தடவி மற்றவற்றைக் கண்டுபிடித்துக்கொள்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவரே கண்டுபிடித்த வழி அது.

உள்ளே எம்பிடி என்ற இசை மென்பொருள், விசையைக் கவனிக்கச் சின்ன நிரல் ஒன்று, அவ்வளவுதான். பையின் சொந்த ஒலித் துளையில் இரைச்சல் வரும், யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்று போட்டால் சரியாகிவிடும். நிலையங்கள் அவ்வப்போது ஒலிபரப்பு முகவரியை மாற்றிவிடுவார்கள். திடீரென்று பாடாமல் போனால் முதலில் அதைப் பாருங்கள்.

18 மார்ச் 2024

விளம்பரத் தடுப்பு பற்றி இத்தனை பேர் கேட்டபின் சொல்லாமல் இருக்க முடியாது. பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருள் முதல் தலைமுறைப் பையிலும் ஓடும். வீட்டிலுள்ள கருவிகள் இணைய முகவரி கேட்கும்போது விளம்பர முகவரிகளுக்கு மட்டும் வெற்று விடை தரும், வேலை அவ்வளவுதான். அதனால் யூடியூப் விளம்பரம் நிற்காது. விளம்பரமும் காணொளியும் ஒரே இடத்திலிருந்து வருவதால் முகவரியை வைத்துப் பிரிக்க முடியாது. இதை எதிர்பார்த்து நிறுவியவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இணைய நிறுவனம் தரும் ரூட்டர்கள் சிலவற்றில், கருவிகள் யாரிடம் முகவரி கேட்க வேண்டும் என்ற அமைப்பை (டிஎன்எஸ்) மாற்ற விடமாட்டார்கள். அப்போது, வீட்டுக் கருவிகளுக்கு நெட்வொர்க் எண் வழங்கும் ரூட்டரின் டிஎச்சிபி-யை அணைத்துவிட்டு அந்த வேலையையும் பை-ஹோலே செய்யும்படி வைக்கலாம்.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. வானொலி நின்றால் அத்தை மட்டும் கூப்பிடுவார். பை-ஹோல் நின்றால் வீடு முழுக்க இணையம் போய்விட்டது என்று நினைக்கும், நீங்கள் நைட் ஷிஃப்டில் இருப்பீர்கள். வீட்டில் இதைச் சரிசெய்யத் தெரிந்த இன்னொருவர் இல்லை என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

6 ஏப்ரல் 2024

நேற்று மாலை இடி. எங்கள் வரிசையில் பல வீடுகளில் ஈஎல்சிபி (மின்கசிவில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தது. இந்த ஊரில் எந்த நேரமும் ஓடும் பெட்டி வைப்பவர்கள் செயலியைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும்.

மின்சாரம் திரும்பியதும் பெட்டி தானே எழ வேண்டும். பை எழுந்துவிடும். ஆட்டம் பெட்டியில், இயங்குதளத்துக்கு முன்னால் எழும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போய் "மின்சாரம் வந்ததும் இயக்கு" என்ற அமைப்பைப் போட வேண்டும். போட்டும் எழவில்லையா? தாய்ப்பலகையில் உள்ள வட்ட பேட்டரியைப் பாருங்கள், சிஆர்2032. பத்துப் பதினைந்து வருடத்தில் அது செத்திருக்கும். செத்துவிட்டால் பயாஸ் எல்லா அமைப்பையும் மறந்துவிட்டு, எஃப்1 விசையை அழுத்து என்று திரையில் எழுதிக் காத்திருக்கும். நீங்களோ திரையும் விசைப்பலகையும் இல்லாமல் வைத்திருப்பீர்கள், பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைப்பீர்கள். இப்படித் தூக்கிப் போடப்பட்ட நல்ல பெட்டிகள் எத்தனையோ. சில வெள்ளி பேட்டரிதான்.

பையில் அந்தப் பேட்டரியே கிடையாது, கடிகாரமும் கிடையாது. இணையம் வரும்வரை நேரம் தவறாகக் காட்டும். குறித்த நேரத்து வேலைகளை அதில் வைப்பவர்கள் நினைவில் வையுங்கள்.

எஸ்டி அட்டை இன்னொரு பலவீனம். திடீர் மின்வெட்டில் எழுதிக்கொண்டிருக்கும் அட்டை கெட்டுப்போகலாம். பதிவுக் கோப்புகளை ராமிலேயே எழுதவைத்து, எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியபின் அட்டையைப் படிக்க மட்டும் என்ற நிலைக்கு மாற்றிவிடுங்கள். ராஸ்பெரி பை ஓஎஸ்-இன் அமைப்புப் பட்டியலிலேயே அதற்கு வழி இருக்கிறது. அட்டையின் நகல் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கட்டும்.

இடி நேரத்தில் மின்செருகியை மட்டும் பிடுங்கினால் போதாது, நெட்வொர்க் கம்பி வழியாகவும் வரும். பை வானொலியை வைஃபைக்கு மாற்ற அதுதான் காரணம்.

7 ஏப்ரல் 2024

அடாப்டர். லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் அடாப்டர்கள் குவியலாகக் கிடக்கும், எனக்கும் அங்கே காலையில் சுற்றப் பிடிக்கும். ஆனால் வோல்ட், ஆம்பியர், முனையின் நேர் எதிர் மூன்றும் பொருந்தினால் மட்டும் வாங்குங்கள். மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இல்லாததை 24 மணி நேரமும் செருகி வைக்காதீர்கள். பை அடிக்கடி தானே மறுதொடக்கம் ஆகிறது என்று இங்கே எழுதியிருந்தவருக்கும் இதுவே பதில். மெல்லிய தொலைபேசிக் கம்பியில் 5 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராது. கம்பியை மாற்றிப் பாருங்கள்.

19 மே 2024

சுங்கை பட்டாணி டியூஷன் மையத்தில் பிள்ளைகள் படிக்க என்ன வைக்கலாம் என்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. இணையம் சரியில்லாத இடம், பிள்ளைகள் கையில் பழைய டேப்லெட்டுகள். அதற்கு, இணையதளங்களை இணையம் இல்லாமல் படிக்கவைக்கும் கிவிக்ஸ் என்ற மென்பொருளை வைக்கலாம். தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி வைத்தால், அந்த அறைக்குள் வைஃபை வழியாக எல்லாரும் படிக்கலாம், இணையமே வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா 2003-ல் தொடங்கியது, இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேல் கட்டுரைகள் உள்ளன. விளையாட்டும் வராது, விளம்பரமும் வராது, பிள்ளைகளுக்குப் படிக்க மட்டும். அந்தக் கோப்பு இருக்கும் பென் டிரைவை ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் வைக்காதீர்கள், 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது.

கோயில் அறிவிப்புத் திரை செய்பவருக்கு: "கொடியேற்றம்" என்று எழுதினால் கொம்பு இடம் மாறி உடைந்து வருகிறது என்றீர்களே, அது எழுத்துருவின் குற்றம் இல்லை. தமிழில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் கணினிக்குள் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதை எடுத்து முன்னால் வைக்கும் வேலையை ஒரு நிரல் நூலகம் (லைப்ரரி) செய்ய வேண்டும். நீங்கள் பைத்தான் நிரல்மொழியில் பில்லோ என்ற பட நூலகம் வைத்துப் படம் செய்கிறீர்கள், அதோடு ராக்ம் என்ற நூலகம் இல்லையென்றால் எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடும். ராக்மை நிறுவுங்கள், அல்லது எழுத்துகளைச் சரியாக அடுக்கும் பாங்கோ என்ற நூலகம் வழியாகப் படம் செய்யுங்கள். இன்னும் எளிய வழி, அறிவிப்பை வேறு கணினியில் படமாகவே தயாரித்துப் பையில் போட்டு வரிசையாகக் காட்டச் சொல்வது. பூசை நேரம் தவறான எழுத்தில் வருவதை நான் ஏற்கமாட்டேன். தைப்பூச நேரத்தில் பல ஊர்க்காரர்கள் பார்ப்பார்கள்.

20 மே 2024

ஒரு பெட்டிக்கு ஒரு வேலை என்று முன்பு எழுதினேன். அதை இப்போது கொஞ்சம் தளர்த்துகிறேன். ஆட்டம் பெட்டியில் பிரிண்டரும் எழுத்துணரியும் ஒன்றாகவே இருக்கின்றன, ஒன்று பகலில், ஒன்று இரவில். எழுத்துணரிக்குக் குறைந்த முன்னுரிமை கொடுத்துவிட்டால் நடுவில் யாராவது அச்செடுத்தாலும் தடங்கல் இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு பேரைக் காக்கவைக்கும் இரண்டு வேலைகளைத்தான் சேர்க்கக் கூடாது.

வெளியிலிருந்து இணையம் வழியாக நேரே அணுகும்படி மட்டும் எந்தப் பழைய பெட்டியையும் திறந்து வைக்காதீர்கள். ரூட்டரில் வெளியார் நுழையும் துறை (போர்ட்) திறந்த சில மணி நேரத்திலேயே கடவுச்சொல் தட்டிப் பார்ப்பவர்கள் வந்துவிடுவார்கள். பழைய பதிப்பு ஓடும் பெட்டி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

8 ஜூன் 2024

இன்டெல் 1972-ல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது நம் பாயான் லெப்பாஸில்தான். சித்தி அந்தத் தொழில்வட்டாரத்தில் இரண்டு தலைமுறைச் சிப்களைச் சோதித்து அனுப்பியவர். பழைய செயலிகளின் மேல் "மலாய்" என்று பொறித்திருப்பதைப் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். உங்கள் பெட்டியில் அந்த எழுத்து இருந்தால், இந்த ஊர்ப் பெண்கள் கை பட்டு வெளியே போன பொருள் அது. வேலை செய்யும்வரை அதற்கு வேலை கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

அது முடிந்தபின்னும் குப்பைத்தொட்டி வேண்டாம். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி மின்னணுக் கழிவு இங்கே எஸ்டபிள்யூ110 என்ற தனி வகை. ஈயமும் மற்றதும் மண்ணில் கலக்கும். மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள், டிஸ்க்கை அழித்தபின்.

24 ஆகஸ்ட் 2025

நீண்ட நாளுக்குப் பிறகு வருகிறேன். இரண்டு மாற்றங்கள்.

முதலாவது கட்டணம். ஜூலை 1 முதல் டிஎன்பி கணக்கே மாறிவிட்டது. மாதம் 1,500 யூனிட் வரை ஆற்றல் 27.03 சென், கொள்ளளவு 4.55, கட்டமைப்பு 12.85, மொத்தம் 44.43 சென். குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குத் தள்ளுபடி உண்டு, பயன்பாடு ஏற ஏற அது குறையும். தள்ளுபடிக்கு முன் பார்த்தால் ஆட்டம் பெட்டி நாள் முழுக்க ஓட மாதம் ஆறு வெள்ளி நாற்பது சென், பைக்கு ஒரு வெள்ளிக்கும் கீழே. மேலே 2024-ல் எழுதிய எண்களை இனி எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது பெரிது. இம்மாதம் 9-ஆம் தேதி, லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியனின் 13-ஆம் பதிப்பு வந்தது. 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு அதில் நிறுவியும் இல்லை, கருநிரலும் (கெர்னல்) இல்லை. என்270 முழுக்க 32 பிட். டெபியன் 12-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தம் 2026 ஜூன் வரை வரும், அதுவரை பதற்றம் வேண்டாம். பிறகு ஆல்பைன் லினக்ஸ் இருக்கிறது, 32 பிட்டை இன்னும் விடவில்லை, 1 ஜிபிக்குள் தாராளமாக அடங்கும். என் பெட்டியை அதற்குத்தான் மாற்றப்போகிறேன். சேனும் கப்ஸும் டெசராக்டும் அதிலும் உண்டு. ஆனால் அச்சுப்பொறி நிறுவனம் தொகுத்துக் கொடுத்த டிரைவர் வைத்திருப்பவர்கள் முதலில் ஒரு பென் டிரைவில் சோதித்துப் பாருங்கள். ஆல்பைனின் அடித்தள நூலகம் வேறு, அங்கே அது ஓடாமல் போகலாம்.

ஆட்டம் என்ற பெயர் இருந்தாலே 32 பிட் என்று நினைத்துவிடாதீர்கள். அதே 2008-ல் வந்த ஆட்டம் 230 64 பிட் ஓட்டும். லினக்ஸில் எல்எஸ்சிபியு (lscpu) என்று தட்டினால் தெரிந்துவிடும், பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். முதல் தலைமுறைப் பை வைத்திருப்பவர்களுக்குக் கவலை இல்லை, ராஸ்பெரி பை ஓஎஸ்-இன் 32 பிட் பதிப்பு அதை இன்னும் கைவிடவில்லை.

31 ஆகஸ்ட் 2025

மலர்களை எழுத்தாக்கும் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு. எண்பதுகளின் பிற்பகுதிக்குப் பின் அச்சானவை நன்றாக வருகின்றன. அதற்கு முந்தியவைதான் சிக்கல். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது, நம் ஊர் அச்சகங்கள் மாற அதற்குமேல் காலம் ஆனது. பழைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை எல்லாம் வேறு வடிவம், தும்பிக்கை வளைந்த லை எல்லாருக்கும் நினைவிருக்கும். எழுத்துணரி அந்த இடங்களில் தடுமாறுகிறது.

யூனிகோடில் பழைய லை-க்கும் புதிய லை-க்கும் குறியீடு ஒன்றுதான், வடிவ வேறுபாடு எழுத்துருவோடு நின்றுவிடுகிறது. ஆகவே பழைய வடிவத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும், வெளியே வருவது சாதாரணத் தமிழ். அந்தப் பயிற்சியை இந்தப் பெட்டியில் கொடுக்க முடியாது, அதற்குப் பெரிய கணினி வேண்டும். வேகமான மொழிக் கோப்பைப் பயிற்றவும் முடியாது, சிறந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும். பயிற்றி முடித்த கோப்பைக் கொண்டுவந்து போட்டால் ஆட்டம் பெட்டி அதை ஓட்டும், இரவு கொஞ்சம் நீளும்.

பயிற்சிக்கு வேண்டியது பழைய அச்சு வரிகளின் படமும், அதற்கு நேராகக் கையால் தட்டிய சரியான வரியும். நான் தட்டத் தொடங்கிவிட்டேன். சீர்திருத்தத்துக்கு முந்தைய மலேசியத் தமிழ் அச்சு எதுவானாலும், பள்ளி மலர், கல்யாணப் பத்திரிகை, சங்க அறிக்கை, கோயில் கணக்கு, 300 டிபிஐ-யில் எடுத்து வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். வெவ்வேறு அச்சகங்களின் எழுத்து வேண்டும், ஒரே அச்சகத்தின் ஆயிரம் வரியைவிட பத்து அச்சகத்தின் நூறு நூறு வரி பயன்படும். ஈப்போ, கிள்ளான், சிரம்பான் பக்கத்து அச்சு என்னிடம் ஒன்றுகூட இல்லை.